வாசனை வராத ஓட்ஸ்

தாடை எலும்பு உடைந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. லிங்கராஜபுரம் மேம்பாலத்திலிருந்து இறங்கும் சரிவில், கேபிளுக்காகத் தோண்டி மூடியிருந்த இடத்தில் மணல் பரவிக் கிடந்தது. ஸ்கூட்டரின் முன்சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆனால் அது தலையை மட்டும் மூடுகிற பாதி ஹெல்மெட். முகவாய் நேராகப் போய் நடுத்தடுப்பின் விளிம்பில் மோதியது. வலி உடனே வரவில்லை. எழுந்து வண்டியை நிமிர்த்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் ஏறி உட்காரச் சொன்னார். வாயை மூடினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவில்லை என்பதை ஆட்டோவில்தான் கவனித்தேன்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் விரிசல் என்றார்கள். தகடு வைக்க வேண்டியதில்லை, இரண்டு வரிசைப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டால் எலும்பு தானாகக் கூடிவிடும் என்றார் மருத்துவர். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது, சின்னக் கம்பிவெட்டி ஒன்றை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கச் சொன்னார். வாந்தி வந்தால் மூச்சடைப்பதற்குள் கம்பிகளை வெட்டிவிட வேண்டுமாம். அதை என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். எந்தக் கம்பியை முதலில் வெட்ட வேண்டும் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பேசுவதுதான் என் தொழில். ஒரு கால் சென்டரில், தமிழ் வாடிக்கையாளர்களுக்கான பிரிவில் எட்டு வருடமாக இருந்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் இரவு ஒன்பதுவரை யாராவது ஒருவருடைய கோபத்துக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். விவரம் சொன்னதும் அலுவலகத்தில் மறுபேச்சில்லாமல் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். வாய் திறக்க முடியாதவனை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

என் மனைவி ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்காக அந்த லேப் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். அவள் ஐந்தரைக்கு வீட்டிலிருந்து கிளம்புவாள். நான் எழுவது ஒன்பது மணிக்கு. கல்யாணமாகி ஆறு வருடத்தில், கடைசி நான்கு வருடம் இப்படித்தான் போனது. வாரநாட்களில் இரவுச் சாப்பாட்டின்போது பார்த்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை போட்டுக்கொள்வோம். சண்டையில் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். எனக்குப் பேச வரும், அவளுக்கு வராது. மாலையில் வேலையிலிருந்து வந்ததும் அவள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள் என்று விடுமுறை நாட்களில் கவனித்திருந்தேன். அது அவள் சுபாவம் என்று முடிவுகட்டி, அவளிடமே பலமுறை சொல்லியும் இருந்தேன்.

பற்களைச் சேர்த்துக் கட்டினாலும் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சின்ன இடைவெளி உண்டு. அவள் மருந்துக்கடையிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சுகளும் மெல்லிய ரப்பர் குழாயும் வாங்கி வந்தாள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே குழாயை நுழைத்து மெதுவாக அழுத்தினால் உணவு உள்ளே போகும். முதல் நாள் அவள் செய்து காட்டினாள். இரண்டாம் நாளிலிருந்து நானே செய்துகொண்டேன்.

முதல் பத்து நாட்கள் பால், பருப்புத் தண்ணீர், வடிகஞ்சி, பழச்சாறு. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா ஆட்டுக்கால் சூப்பை இருமுறை வடிகட்டிக் கொண்டுவந்து கொடுத்து, என் தலைமேல் கைவைத்து ஜெபம் செய்துவிட்டுப் போவார். எதைக் குடித்தாலும் ஒரு மணி நேரத்தில் பசித்தது. பசி என்றால் வயிற்றில் மட்டும் இல்லை. கை நடுங்கியது, படிக்கட்டு ஏறினால் கண் இருட்டியது. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த புரதப் பவுடர் டப்பாவின் விலையைப் பார்த்துவிட்டு அவள் அதை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டாள். பதிலுக்கு இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். சுடுதண்ணீர் ஊற்றினால் மூன்று நிமிடத்தில் தயார் என்று அட்டையில் போட்டிருந்தது.

தயாராகத்தான் இருந்தது, குழாய்க்குள்தான் போகவில்லை. ஓட்ஸ் இதழ்கள் ஊறிப் பருத்து ரப்பரின் வாயை அடைத்தன. டீ வடிகட்டியில் அழுத்தி வடித்துப் பார்த்தோம். கிடைத்தது துணிக்குப் போடும் கஞ்சி மாதிரி கொஞ்சம் இனிப்புத் தண்ணீர். பெட்டியில் பத்து பாக்கெட் இருந்தது. எனக்கு அது இரண்டு நாளுக்குத்தான் வந்தது.

பகலில் வீட்டில் தனியாக இருந்தவனுக்குப் படிக்க வேறொன்றும் இல்லாததால் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். ஓட்ஸ், சர்க்கரை, பால் பவுடர், உப்பு, வாசனைப் பொருள். அவ்வளவுதான். இதை ஏன் நானே செய்யக்கூடாது என்று தோன்றியது. அதுவரை அந்தச் சமையலறையில் நான் டீ போட்டதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

மெயின் ரோட்டில் மளிகைச் சாமான்களை மூட்டையிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. போனில் ஒரு கிலோ ஓட்ஸ் என்று டைப் செய்து கடைக்காரரிடம் காட்டினேன். எனக்குக் காதும் கேட்காது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஓட்ஸ் இரண்டு தினுசு இருக்கிறது, எது வேண்டும் என்று உரத்த குரலில், கைகளை விரித்துக் கன்னடத்தில் கேட்டார். கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். விலை குறைந்ததைத் தொட்டுக் காட்டினேன். கம்பி எடுக்கும்வரை அவர் என்னிடம் அப்படித்தான் கத்திப் பேசினார். நானும் திருத்தவில்லை.

முதல் முறை இரும்புச் சட்டியில் வறுத்துச் சூடாகவே மிக்சியில் போட்டேன். மூடிக்குள் ஆவி வேர்த்து மாவெல்லாம் கட்டி தட்டியது. இரண்டாம் முறை நன்றாக ஆறவிட்டு, விட்டுவிட்டு அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, கப்பியை மறுபடியும் அரைத்தேன். மாவு நைசாக வந்தது. அதில் வெல்லப்பொடி கலந்து வைத்தேன். இரண்டு நாளில் டப்பாவுக்குள் ஈரம் ஏறி உருண்டையானது. அதற்குப் பிறகு இனிப்பைக் கலக்கும்போது மட்டும் சேர்த்துக்கொண்டேன். சுடுதண்ணீரை நேரடியாக ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரளும் என்பதையும், முதலில் ஆறிய தண்ணீரில் கூழாகக் கரைத்துக்கொண்டு அதன்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதையும் நாலைந்து டம்ளர் வீணான பிறகு கண்டுபிடித்தேன். பிறகு உப்பு ருசியில் ஒன்று செய்தேன். வறுத்த பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், பெருங்காயம், சட்டிச் சூட்டில் காயவைத்த கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து அரைத்த மாவு. அது குழாயில் தடையில்லாமல் இறங்கியது. கை நடுக்கம் நின்றது.

கம்பி கட்டிய நாளிலிருந்து தலைக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க வேண்டியிருந்தது. ஆழ்ந்த தூக்கம் வராது. அதனால் காலை நாலேமுக்காலுக்கு அவள் எழும்போது நானும் விழித்திருப்பேன். அவள் குளிப்பாள், எனக்குப் பால் காய்ச்சி ஃப்ளாஸ்கில் ஊற்றி வைப்பாள், மதியத்துக்கு எனக்கான பருப்பை வேகவைப்பாள், அரை டம்ளர் டீயை நின்றுகொண்டே குடிப்பாள், பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மூன்று வாரம் இதைப் பார்த்த பிறகுதான், இதில் அவள் சாப்பிடுவது எங்கேயும் வரவில்லை என்பது உறைத்தது. போனை எடுத்து, எதுவும் சாப்பிடாமலா போகிறாய் என்று எழுதிக் காட்டினேன்.

"இந்நேரத்துக்கு யாருக்குப் பசிக்கும்?" என்றாள்.

அங்கே போய்ச் சாப்பிடுவாயா என்று எழுதினேன்.

"பதினோரு மணிக்கு மேலதான் கூட்டம் குறையும். அப்ப எதிர்ல பேக்கரியில ஒரு பன்னோ பஃப்ஸோ வாங்கிக்குவேன்."

எத்தனை நாளாக இப்படி என்று எழுதினேன். அவள் தலைமுடியை முடிந்துகொண்டே குனிந்து படித்தாள்.

"சேர்ந்ததுல இருந்து" என்றாள்.

நான் வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது முழு உண்மையாக இருக்காது. முதலில் வந்தது எரிச்சல். நான்கு வருடமாக இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாளே என்று. அதை நீளமாக டைப் செய்ய ஆரம்பித்தேன். பாதியில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். விடிந்த பிறகு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் எங்களுக்கு அனுப்பும் புகார் மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

மறுநாள் உப்பு ஓட்ஸ் மாவை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, கூடவே சின்ன ஃப்ளாஸ்கில் சுடுதண்ணீரும் ஊற்றிக் கொடுத்தேன். அவளுக்காகக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்திருந்தேன். பையில் வைத்துக்கொண்டாள். மாலையில் திரும்பி வந்தபோது டப்பா அப்படியே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், பிடிக்கவில்லையா என்று எழுதிக் கேட்டேன்.

பிடித்தது பிடிக்காதது இல்லை என்றாள். லேப் ஒரே அறை. ரத்தக் குழாய்கள் இருக்கும் இடத்தில் எதையும் சாப்பிடக் கூடாது, அது கண்டிப்பான விதி. வெளியே ஷட்டரை ஒட்டி இருக்கும் படிக்கட்டுதான் ஒரே இடம். முதல் நாள் அங்கே போய்த்தான் டப்பாவைத் திறந்து சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அந்தப் படியில் ஏழெட்டுப் பேர் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. பெருங்காயமும் மிளகும் கிளம்பியதும் ஒரு வயதான பெண் நிமிர்ந்து டப்பாவைப் பார்த்திருக்கிறார். பார்த்தார், அவ்வளவுதானாம். இவள் மூடியை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"சாப்பிடாம வாங்கன்னு நான்தான் அவங்ககிட்ட போன்ல சொல்றேன். அவங்க முன்னாடி எப்படிங்க உக்காந்து சாப்பிடறது?"

வழக்கமாக இருந்தால் இதற்கு நான் ஏதாவது பதில் வைத்திருப்பேன். உன் உடம்பு உனக்கு முக்கியமில்லையா என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசியிருப்பேன், அவள் கடைசியில் சரி சரி என்று எழுந்து போயிருப்பாள். இப்போது எழுத வேண்டும், எழுதுவதற்குள் சூடு ஆறிவிடும். அதனால் அவள் சொன்னதையே திரும்ப யோசித்தேன். பிரச்சினை இரண்டு. வாசனை வரக் கூடாது. சாப்பிடுவது போலத் தெரியக் கூடாது.

மசாலாவையெல்லாம் எடுத்துவிட்டேன். பிறகும் வறுத்த மணம் இருந்தது. சட்டியில் ஈரம் போகிற அளவுக்கு மட்டும் சூடுகாட்டி, சிவக்கும் முன்னே இறக்கினேன். பாசிப்பருப்புக்குப் பதில் பொட்டுக்கடலை. பால் பவுடர் சூட்டில் மணந்தது, அதை நிறுத்தினேன். கடைசியில் மிஞ்சியது ஓட்ஸ், பொட்டுக்கடலை, உப்பு, துளி சர்க்கரை. மிக நைசாக அரைத்து, காலை ஐந்தேகாலுக்கே நீர்க்கக் கரைத்து, மூடி போட்ட, சூடு தாங்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிவிட்டால், ஏழரை மணிக்கு வெதுவெதுப்பாகக் குடிக்கும் பதத்தில் இருக்கும். பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி தெரியும்.

வாசனை இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வாரமாக ஓட்ஸிலேயே புழங்கிய என் மூக்கை நம்ப முடியவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போய் வீட்டுக்கார அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகர்ந்து பார்த்தார். "என்னப்பா இது? ஒண்ணுமே வரலையே" என்றார். எதற்கு என்று கேட்டபோது, காரணத்தை விவரமாகப் போனில் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

மறுநாள் மனைவி அதைக் குடித்தாள். மாலையில் வந்து, சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது என்றாள். டம்ளர் காலியாக இருந்தது. அடுத்த நாள் உப்பைக் கொஞ்சம் கூட்டி, இன்னும் நீர்க்கக் கரைத்தேன். அதற்கும் குறை சொன்னாள், அதையும் குடித்திருந்தாள். ஏழரை மணிக்கு ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில், வெளியே அந்தப் படிக்கே வந்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னாள். பேக்கரிக்குப் போவது நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் முடிந்து கம்பிகளை எடுத்தார்கள். கட்டும்போது இருந்ததைவிட எடுக்கும்போது அதிகம் வலித்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. ஏழு கிலோ குறைந்திருந்தேன். முதலில் பேசிய சொல் எது என்று நினைவில்லை, மருத்துவர் கேட்ட ஏதோ ஒன்றுக்குப் பதிலாகத்தான் இருக்கும். குரல் யாரோ ஒருவருடையது போல இருந்தது. அலுவலகத்தில் இரண்டு வாரம், எழுத்தில் பதில் சொல்லும் சாட் பிரிவில் உட்கார வைத்தார்கள். பிறகு ஹெட்செட் திரும்ப வந்தது.

நான் பேச ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சண்டை வந்தது. வீட்டுக்கார அம்மா அவளைப் படியில் நிறுத்தி, வேலைக்குப் போகிற பெண் வயிற்றைக் காயப் போடலாமா என்று ரொம்ப நேரம் புத்தி சொல்லியிருக்கிறார். மேலே வந்தவள் காய்கறிப் பையைக்கூட இறக்கவில்லை.

"நான் பட்டினியா போறேன்னு கீழ போய்ச் சொல்லணுமா? நான் உங்ககிட்டயே சொல்லலையே."

நான் சொல்லவில்லை, எழுதித்தான் காட்டினேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பையை இறக்கி வைத்தாள்.

"சொன்னா நீங்க பேசுவீங்க" என்றாள்.

அதற்குமேல் அன்று ஒன்றும் நடக்கவில்லை. அவள் சமைத்தாள். நான் சோற்றைக் குழைத்துப் பிசைந்து, சின்னச் சின்னக் கவளமாக, மெல்லாமல் விழுங்கினேன்.

அவளுடைய கோபம் குறைந்துவிட்டதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். மாலையானால் வந்துகொண்டிருந்த தலைவலி இப்போது அடிக்கடி வருவதில்லை என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னாள். நான் ஞாயிறுதோறும் ஒரு வாரத்துக்கான மாவை அரைத்து வைத்தேன். காலையில் அலாரம் வைத்து எழுந்து, கரைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். சில நாட்கள் எழ முடியாது. அன்றைக்கு அவளே கரைத்துக்கொள்வாள். அவள் கரைத்தால் கட்டி தட்டும். தண்ணீரை நேரடியாக ஊற்றிவிடுவாள்.

ஒரு வருடம் கழித்து அவளுக்குப் பொம்மனஹள்ளிப் பக்கம் பெரிய லேப் ஒன்றில் வேலை கிடைத்தது. தூரம் அதிகம். ஆனால் எட்டரைக்குத்தான் தொடங்கும், கேண்டீனும் உண்டு. மாவு அரைப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஓட்ஸ் பிடிக்காது. அந்த ஆறு வாரம் பிழைக்க வேண்டியிருந்ததால் உள்ளே போனது, அவ்வளவுதான். மீதமிருந்த ஒரு கிலோவை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். மாத்திரை போடும் முன் சாப்பிட லகுவாக இருக்கிறது என்று அவர் அதன்பிறகு தானே வாங்க ஆரம்பித்தார்.

சென்ற மாதம் ஒருநாள் மாலை, செருப்பைக் கழற்றிக்கொண்டே, கேண்டீன் உப்புமா தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது என்றாள். டால்டா வாடை அடிக்கிறதாம்.

"அந்தப் பொடி கொஞ்சம் இருக்கா?"

இல்லை, ஞாயிற்றுக்கிழமை அரைத்துத் தருகிறேன் என்றேன். அங்கே சாப்பிடத் தனி அறை இருக்கிறது, வாசனை வந்தால் பரவாயில்லை, மிளகு போட்டே செய்யுங்கள் என்றாள். பெருங்காயம் வேண்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, வேண்டும் என்றாள்.